பழைய போன் வைப்ரேட்டரைக் கழட்டி நம்ம ப்ராஜெக்ட்ல ஓட வைக்கிறது எப்படி: முழு வழிகாட்டி

வீட்டு டிராயர்ல செத்துப்போன போன் ஒண்ணாவது கிடக்கும். டிஸ்ப்ளே போயிருக்கும், பேட்டரி போயிருக்கும், ஆனா உள்ள இருக்கிற வைப்ரேட்டர் மட்டும் பெரும்பாலும் நல்லாவே இருக்கும், ஏன்னா அது ஒரு நாளைக்கு ஓடுறதே மொத்தமா சேர்த்தா ரொம்பக் கொஞ்ச நேரம்தான். மெசேஜ் வந்தா ஒரு டர்ர், அலாரம் அடிச்சா கொஞ்சம் டர்ர், அவ்ளோதான்.

சென்னை எலக்ட்ரானிக்ஸ் மார்க்கெட்டான ரிச்சி ஸ்ட்ரீட்ல போய் கேட்டா புதுசாவே சல்லிசா கிடைக்குமே, எதுக்கு கழட்டணும்னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். ஒரே மாதிரி பத்து மோட்டார் வேணும்னா காசு கொடுத்து வாங்கிடுங்க, பத்து போனைப் பிரிச்சு பத்து விதமான மோட்டாரை வச்சிக்கிட்டு அல்லாடாதீங்க. ஆனா ஒண்ணு ரெண்டு போதும், விளையாடிப் பாக்கணும்னா கழட்டுறதுதான் பெஸ்ட், அதுவும் பழைய கீபேட் போன்ல வர்ற சிலிண்டர் டைப் மோட்டார் இப்ப கடையில கிடைக்கிற மலிவு காயின் மோட்டாரை விட கெட்டியா இருக்கும், கம்மி வோல்டேஜ்லயே கிளம்பும்.

ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன். கழட்டுறது கஷ்டமே இல்ல. ஆளுங்க மாட்டிக்கிறது வேற மூணு இடத்துல: என்ன வகைன்னு பாக்காம கரண்ட் கொடுக்கிறது, ஆர்டுயினோங்கிற குட்டி கண்ட்ரோலர் போர்டோட பின்ல நேரா சொருகுறது, அப்புறம் ஸ்பாஞ்ச் டேப்ல ஒட்டிட்டு 'ஃபீலே ஆகல ப்ரோ'ன்னு சொல்றது. அதனால இந்த மூணுலதான் அதிகமா நிக்கப்போறேன்.

எங்கெல்லாம் கிடைக்கும்

போன் மட்டும் இல்ல. கேம் கண்ட்ரோலர்ல ரெண்டு மோட்டார் இருக்கும், எக்ஸ்பாக்ஸ் 360 கண்ட்ரோலரைப் பிரிச்சா இடது பக்கம் பெரிய எடை வச்ச மோட்டார், வலது பக்கம் சின்ன எடை வச்சது, பெருசு மெதுவா கடமுடன்னு ஆட்டும், சின்னது வேகமா விர்ருன்னு ஆட்டும், பிளேஸ்டேஷனோட டூயல்ஷாக்லயும் இதே ஏற்பாடுதான். பென்டார்ச் செல் போட்டு ஓடுற மலிவான பேட்டரி டூத்பிரஷ், ஃபேஸ் மசாஜர், தலை மசாஜர், பழைய ஃபிட்னஸ் பேண்ட், குழந்தைங்க பொம்மை, எல்லாத்துலயும் ஏதோ ஒரு சைஸ்ல இது இருக்கும்.

பக்கத்து தெருவுல மொபைல் சர்வீஸ் கடை இருந்தா அங்க ஒரு டப்பா நிறைய ஸ்கிராப் போர்டும் பாடியும் கிடக்கும், கடைக்கார அண்ணன்கிட்ட 'அண்ணே, ஸ்கிராப்ல வைப்ரேட்டர் இருந்தா குடுங்கண்ணே'ன்னு கேட்டா டீக்காசுக்கு நாலஞ்சு எடுத்துக் கொடுத்துடுவாரு. அங்க 'ஹாப்டிக் மோட்டார்'னு எல்லாம் கேக்காதீங்க, வைப்ரேட்டர்னு கேளுங்க, அதான் கடைப் பேரு.

வகை என்னன்னு முதல்ல தெரிஞ்சிக்கணும்

போன் எப்படி அதிருதுன்னா, வாஷிங் மெஷின்ல துணி எல்லாம் ஒரு பக்கமா ஒதுங்கிட்டா ஸ்பின்ல மெஷினே நகர்ந்து வருமே, அதே கதைதான், சின்ன சைஸ்ல. சமநிலை இல்லாத எடை ஒண்ணை வேகமா சுத்தினா மொத்தப் பொருளும் ஆடும்.

சிலிண்டர் டைப்: 4 எம்எம், 6 எம்எம் விட்டத்துல சின்ன குழாய் மாதிரி இருக்கும், ஷாஃப்ட் முனையில அரைவட்டமா ஒரு எடை. அந்த எடை டங்ஸ்டன் கலந்த உலோகம், அதனால தான் அவ்ளோ சின்னதா இருந்தும் கனமா இருக்கு. உள்ள இருக்கிறது இரும்புக் கோர் இல்லாத சாதாரண டிசி பிரஷ் மோட்டார். கண்ணுக்குத் தெரியிற மாதிரி சுத்தும், கிளம்பலன்னா விரலால தட்டி விடலாம், ஹாபிக்கு எனக்குப் பிடிச்சது இதுதான்.

காயின் டைப்: மாத்திரை மாதிரி தட்டையா, பொதுவா 8 இல்ல 10 எம்எம் விட்டம், சுமார் 3 எம்எம் தடிமன், ரெண்டு வயர், பெரும்பாலும் சிவப்பும் நீலமும். வெளிய எதுவும் சுத்தாது. உள்ள கீழ ஒரு வளையக் காந்தம் ஒட்டியிருக்கும், மேல சுத்துற தட்டுல காயிலை ஒரு பக்கமா மட்டும் வச்சு ஒரு எடையும் சேர்த்திருப்பாங்க, கீழ்ப்பக்கம் ரெண்டு நூல் மாதிரி பிரஷ் உரசிக்கிட்டு இருக்கும். இதுவும் டிசி தான். 3 வோல்ட்ல நிமிஷத்துக்கு சுமார் 12000 சுத்து, அதாவது 200 ஹெர்ட்ஸ், நம்ம தோல் நல்லா உணர்ற ரேஞ்ச் அது. கரண்ட் 60லிருந்து 90 மில்லிஆம்ப் வரைக்கும் இழுக்கும், கிளம்பும்போது இன்னும் ஜாஸ்தி.

மூணாவதுதான் வில்லங்கம். எல்ஆர்ஏன்னு சொல்ற லீனியர் டைப். பாக்க காயின் மாதிரியே இருக்கும், சிலது செவ்வகமா இருக்கும். இதுக்குள்ள எதுவும் சுத்தாது, ஸ்பிரிங்ல தொங்குற ஒரு காந்த எடை மேலயும் கீழயும் இல்லன்னா பக்கவாட்டுல ஆடும். இதுக்கு டிசி கொடுத்தா 'டிக்'னு ஒரு தட்டு தட்டிட்டு சும்மா இருக்கும், அதைப் பாத்து மோட்டார் அவுட்னு குப்பையில போட்டவங்க நிறைய பேர். 2015ல வந்த ஐபோன் 6எஸ்ல ஆப்பிள் போட்ட டாப்டிக் எஞ்சின், நிண்டெண்டோ ஸ்விட்சோட ஜாய்கான்ல இருக்கிறது எல்லாம் இந்த குடும்பம்தான். கொஞ்சம் விலை கூடின ஆண்ட்ராய்டு போன்லயும் இப்ப இதுதான் வருது.

கழட்டுறது

முதல் வேலை பேட்டரி. பேட்டரியைக் கழட்டுற மாடல்னா கழட்டி எடுத்து தூரமா வச்சிடுங்க, ஒட்டி வச்ச மாடல்னா உள்ள போன உடனே பேட்டரி கனெக்டரைத்தான் முதல்ல பிடுங்கணும், அதுக்கு முன்னாடி வேற எதையும் தொடக்கூடாது. பேட்டரி உப்பியிருந்தா அந்த போனை விட்டுடுங்க, சர்வீஸ் கடையில கொடுத்துடுங்க, ஒரு வைப்ரேட்டருக்காக லித்தியம் பேட்டரியை ஸ்க்ரூடிரைவரால நெம்பி நெருப்பு வரவச்சிக்காதீங்க. கண்ணாடி உடைஞ்ச போனா இருந்தா மேல செல்லோ டேப் குறுக்கும் நெடுக்கும் ஒட்டிட்டு ஆரம்பிங்க, அந்தத் தூள் விரல்ல ஏறினா வெளிய வராது.

பழைய நோக்கியா மாதிரி போனுக்கு டி6 ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் இருந்தா போதும். மோட்டார் சோல்டர் பண்ணியே இருக்காது, ஒரு ரப்பர் உறைக்குள்ள உக்காந்திருக்கும், ரெண்டு ஸ்பிரிங் காண்டாக்ட் போர்டுல இருக்கிற தங்க நிறப் பேடை அழுத்திக்கிட்டு இருக்கும். ட்வீஸரால தூக்கினா வந்துடும். அந்த ரப்பர் உறையைத் தூக்கிப் போடாதீங்க, பின்னாடி மவுண்ட் பண்ண அதை விட நல்ல பொருள் கிடைக்காது.

ஸ்மார்ட்போன்ல காயின் மோட்டார் டபுள் சைட் டேப்ல ஒட்டியிருக்கும். இங்கதான் பொறுமை வேணும். அந்த மூடி மெல்லிசான தகடு, ஓரத்துல ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பினா மூடி அமுங்கி உள்ள சுத்துற தட்டுல உரசும், அதுக்கப்புறம் அது ஜென்மத்துக்கும் ஓடாது. ஹேர் டிரையர்ல முப்பது நாப்பது செகண்ட் சூடு காட்டுங்க, இல்லன்னா ஓரத்துல ரெண்டு சொட்டு ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) விட்டு ஒரு நிமிஷம் ஊற விடுங்க, அப்புறம் பிளாஸ்டிக் ஓப்பனரோ பழைய ஏடிஎம் கார்டோ அடியில விட்டு தட்டையா சறுக்கி எடுங்க. வயரைப் பிடிச்சு இழுக்கவே கூடாது, தலைமுடி கனம் தான் இருக்கும், அது மோட்டார்ல சேர்ற இடத்துல பிடுங்கிக்கிச்சுன்னா திரும்ப ஒட்டுறது பெரிய தலைவலி. போர்டுல சோல்டர் பண்ணியிருந்தா அந்தப் பக்கம் சூடு பண்ணி எடுங்க, வயரை முடிஞ்ச வரைக்கும் நீளமா விட்டு எடுங்க.

டெஸ்ட் பண்றது

மல்டிமீட்டரை ஓம்ஸ்ல வச்சு ரெண்டு முனையிலயும் வைங்க. 10லிருந்து 40 ஓம்ஸ் வரைக்கும் ஏதாவது காட்டும். இப்ப மீட்டரை எடுக்காம மோட்டாரை மெல்லமா தட்டுங்க, இல்ல எடையைக் கொஞ்சம் கொஞ்சமா திருப்புங்க. ரீடிங் மாறிக்கிட்டே இருந்தா அது பிரஷ் மோட்டார், ஏன்னா பிரஷ் ஒவ்வொரு காயிலா மாறி மாறித் தொடுது. எவ்வளவு தட்டினாலும் நம்பர் அசையாம நின்னா எல்ஆர்ஏவா இருக்க வாய்ப்பு அதிகம். ஓப்பன் காட்டினா ஒண்ணு வயர் அறுந்திருக்கு, இல்ல அது பீசோ தட்டு, அதாவது கரண்ட் கொடுத்தா வளையிற செராமிக் தட்டு.

இன்னொரு குழப்பம் ரிங்கரும் ஸ்பீக்கரும். அதுவும் ரெண்டு காண்டாக்ட் வச்ச குட்டிப் பொருள்தான், ரிங்கர் 8 ஓம்ஸ் பக்கம் காட்டும், காதுல வைக்கிற ஸ்பீக்கர் 32 ஓம்ஸ் பக்கம் காட்டும், டிசி கொடுத்தா அதுவும் டிக்னுதான் சொல்லும். வித்தியாசம் என்னன்னா அதுக்கு மேல வலையோ ஓட்டையோ இருக்கும், சத்தம் வெளிய வரணுமே. வைப்ரேட்டர் முழுசா மூடியிருக்கும்.

அப்புறம் கரண்ட் கொடுத்துப் பாக்கலாம். ஒரு பென்டார்ச் செல் எடுத்து 1.5 வோல்ட்ல ஆரம்பிங்க. நல்ல சிலிண்டர் மோட்டார் இதுக்கே கிளம்பிடும். காயின் மோட்டார் பெரும்பாலும் கிளம்பாது, அதுக்குக் கிளம்ப 2.3 வோல்ட் பக்கம் வேணும், அதனால பயப்படாம ரெண்டு செல் போட்டு 3 வோல்ட் கொடுங்க. அப்பவும் சும்மா இருந்தா வயரை மாத்திப் பிடிங்க, மேஜையில ரெண்டு தட்டு தட்டுங்க, வருஷக்கணக்கா சும்மா கிடந்ததுல பிரஷ் ஒட்டிக்கிட்டிருக்கும், பாதிக்கு மேல இதுலயே உயிர் வந்துடும். 5 வோல்ட் கொடுத்து எழுப்பலாம்னு நினைச்சா ஒரு செகண்டுக்கு மேல வேண்டாம்.

வயர் சேர்க்கிறது

சால்டரிங் அயர்ன் 320 டிகிரி பக்கம், முனை கூர்மையா. முதல்ல மெல்லிசு வயர் நுனியில கொஞ்சம் சோல்டரிங் பேஸ்ட் (ஃப்ளக்ஸ்) தடவி ஈயம் பூசிக்கோங்க, அப்புறம் நம்ம வயர்லயும் பூசிக்கோங்க, ரெண்டையும் சேர்த்து வச்சு அயர்னைத் தொட்டு எடுத்தா போதும், ரெண்டு செகண்ட் வேலை. ஸ்பிரிங் காண்டாக்ட் இருக்கிற மோட்டார்னா ஸ்பிரிங்கோட நுனியில மட்டும் சோல்டர் பண்ணுங்க, அடியில பண்ணினா பிளாஸ்டிக் உருகி பிரஷ் இடம் மாறிடும்.

சோல்டர் பண்ணின உடனே வேலை முடிஞ்சதுன்னு எழுந்திருக்காதீங்க. இது அதிர்ற பொருள், எங்க வயர் கெட்டியா ஈயமா மாறுதோ சரியா அங்கதான் உடையும், ஒரு வாரம் கழிச்சு உடையும். அதனால வயரை மோட்டார் பக்கத்துலயே ஒரு சின்ன பெர்ஃபோர்டு (ஓட்டை போட்ட சர்க்யூட் போர்டு) துண்டுல கொண்டுவந்து நிறுத்தி, மெல்லிசு வயர் மேல ஒரு சொட்டு ஹாட் க்ளூ வச்சு அசையாம பண்ணிடுங்க. வெளிய போறது நல்ல மல்டி ஸ்ட்ராண்ட் வயரா இருக்கணும், சிங்கிள் ஸ்ட்ராண்ட் வேண்டாம்.

ஓட்டுறது, அதாவது டிரைவ் சர்க்யூட்

ஆர்டுயினோ ஊனோவோட ஒரு பின் 20 மில்லிஆம்ப் கொடுத்தா நிம்மதியா இருக்கும், 40ன்னா அது தாங்குற எல்லை. மோட்டார் கேக்குறது 80, கிளம்பும்போது நூறுக்கு மேல. நேரா சொருகினா சில நேரம் ஓடும், அதான் பிரச்சனையே, ஓடுறதைப் பாத்து அப்படியே விட்டுடறாங்க, கொஞ்ச நாள்ல அந்தப் பின் செத்துடும். நடுவுல டிரான்சிஸ்டர் ஒண்ணு கட்டாயம் வேணும்.

எல்லார் டப்பாலயும் பிசி547 டிரான்சிஸ்டர்தான் இருக்கும், ஆனா அதோட எல்லையே 100 மில்லிஆம்ப், இதுக்கு வேண்டாம். 2222 இல்லன்னா பிசி337 வாங்குங்க, ரெண்டும் ஒரு ரூபாய் ரெண்டு ரூபாய் சமாச்சாரம், 500 மில்லிஆம்புக்கு மேலயே தாங்கும். 2222ல ஒரு கண்ணி இருக்கு: ஒரே 2222 நம்பர்ல வர்ற பிளாஸ்டிக் டிரான்சிஸ்டர்கள்ல சிலதுக்கு எமிட்டரும் கலெக்டரும் இடம் மாறி வரும், முன்னாடி எழுத்து பி-யா பிஎன்-ஆ 2என்-ஆன்னு பாத்து மாறும், அதனால கால் எதுன்னு மல்டிமீட்டர்ல பாத்துட்டு மாட்டுங்க.

கனெக்ஷன் இப்படி: மோட்டாரோட ஒரு வயர் ப்ளஸ்ஸுக்கு, இன்னொரு வயர் கலெக்டருக்கு. எமிட்டர் கிரவுண்டுக்கு. ஆர்டுயினோ பின்லிருந்து பேஸுக்கு 470 ஓம்ஸ் ரெசிஸ்டர், 5 வோல்ட் போர்டுன்னா பேஸ்ல சுமார் 9 மில்லிஆம்ப் போகும், இஎஸ்பி32 மாதிரி 3.3 வோல்ட் போர்டுன்னா 5.5 பக்கம் போகும், ரெண்டுக்குமே போதும். மோட்டாரோட ரெண்டு முனைக்குக் குறுக்க ஒரு டயோடு, 1என்4148 இல்லன்னா 1என்4007, கோடு போட்ட பக்கம் ப்ளஸ்ல இருக்கணும். மோட்டார் நிக்கும்போது காயில்ல இருக்கிற கரண்ட் போக வழி இல்லாம டிரான்சிஸ்டரை அடிக்கும், அதுக்கு வடிகால் தான் இந்த டயோடு. மோட்டார் பக்கத்துலயே 104 கபாசிட்டர் (0.1 மைக்ரோஃபாரட்) ஒண்ணு, சப்ளைல 100 மைக்ரோஃபாரட் ஒண்ணு. மோட்டாருக்குத் தனி பேட்டரி வச்சா ரெண்டு கிரவுண்டையும் சேர்த்துக் கட்ட மறந்துடாதீங்க.

3 வோல்ட் மோட்டாருக்கு 5 வோல்ட் சப்ளை இருந்தா என்ன பண்றது? சீரிஸ்ல ரெசிஸ்டர் போடலாம்னு தோணும், ஆனா கிளம்பும்போது கரண்ட் ஜாஸ்தி இழுக்கும்ல, அப்ப ரெசிஸ்டர்ல வோல்டேஜ் எல்லாம் விழுந்து மோட்டார் கிளம்பாமலே நின்னுடும். அதுக்கு பதிலா ரெண்டு 4007 டயோடை ப்ளஸ் லைன்ல சீரிஸா போடுங்க, ஒவ்வொண்ணும் 0.7, 0.8 வோல்ட் சாப்பிடும், மோட்டாருக்கு 3.3 பக்கம் கிடைக்கும், சிம்பிள். இல்லன்னா பிடபிள்யூஎம் போடலாம், அதாவது பின்னை வேகமா ஆன் ஆஃப் பண்ணி சராசரி வோல்டேஜைக் குறைக்கிறது, ஆர்டுயினோல 255தான் ஃபுல், அதுல 150 பக்கம் கொடுத்தா சராசரி 3 வோல்ட். லித்தியம் செல்லுல நேரா ஓட்டினா இந்தத் தொல்லையே இல்ல, 3.7 வோல்ட், ஃபுல் சார்ஜ்ல 4.2, விட்டு விட்டு ஓட்டுறதுக்குத் தாராளமா தாங்கும்.

பிடபிள்யூஎம் வச்சு 'மெதுவா அதிரு, வேகமா அதிரு'ன்னு நூறு லெவல் செட் பண்ணலாம்னு நினைப்பீங்க. நடக்காது. சுத்துற எடையோட விசை வேகத்தோட வர்க்கத்துல போகும், வேகம் பாதியானா விசை கால்வாசி, அதனால 80க்குக் கீழ மோட்டார் கிளம்பவே கிளம்பாது, 100ல ஓடினாலும் கைக்குத் தெரியாது, 140ல திடீர்னு நல்லா தெரியும். உருப்படியா கையில வித்தியாசம் தெரியிறது ரெண்டு மூணு லெவல் தான். தகவல் சொல்லணும்னா தாளத்துல சொல்லுங்க, பலத்துல சொல்லாதீங்க. ஒரு தட்டு, ரெண்டு தட்டு, வேகமா நாலு தட்டு, இதை யாரும் தப்பா புரிஞ்சிக்க மாட்டாங்க.

கம்மி லெவல்ல ஓட்டியே ஆகணும்னா முதல்ல 30லிருந்து 50 மில்லிசெகண்டுக்கு 255 கொடுத்து ஒரு உதை விட்டு எழுப்புங்க, அப்புறம் வேணுங்கிற லெவலுக்கு இறக்குங்க. சும்மாவே இந்த மோட்டார் முழு வேகம் புடிக்க 50லிருந்து 100 மில்லிசெகண்ட் ஆகும், அதனால 20 மில்லிசெகண்ட் பல்ஸ் கொடுத்துட்டு ஒண்ணும் தெரியலன்னு சொன்னா அது மோட்டார் மேல தப்பில்ல.

ஒட்டுறது, இதுதான் மேட்டரே

நல்ல மோட்டார், நல்ல சர்க்யூட், ஆனா கையில ஒண்ணுமே தெரியல. பத்துக்கு எட்டு தடவை காரணம் மவுண்டிங்.

மோட்டார் கொடுக்கிற விசை கொஞ்சம்தான். அதை 150 கிராம் டப்பாவோட சேர்த்து ஒட்டினா 150 கிராமையும் அது ஆட்டணும், 10 கிராம் தகட்டுல ஒட்டினா 10 கிராமை மட்டும் ஆட்டினா போதும், அப்ப பதினஞ்சு மடங்கு நல்லா தெரியும். அதனால கைல கட்டுற பேண்ட் பண்றீங்கன்னா பேட்டரியும் போர்டும் ஒரு டப்பால தனியா இருக்கட்டும், மோட்டாரை மட்டும் ஒரு ரூபாய் நாணய சைஸ் பிளாஸ்டிக் தகட்டுல ஒட்டி அந்தத் தகடு தோல்ல படுற மாதிரி வைங்க. டப்பாவுக்கும் தகட்டுக்கும் நடுவுல வயர் மட்டும்தான் போகணும்.

ஸ்பாஞ்ச் வச்ச டபுள் சைட் டேப் அதிர்வைக் குடிச்சிடும், அது வேலையே அதுதான். மெல்லிசான டபுள் சைட் டேப் போடுங்க, நிரந்தரமா வேணும்னா அரால்டைட். ஹாட் க்ளூ அவசரத்துக்கு ஓகே, ஆனா அது எப்பவும் கொஞ்சம் ரப்பராவே இருக்கும். ஃபெவிக்விக் காயின் மோட்டாருக்கு அடியில ஒரு சொட்டு வைக்கலாம், சிலிண்டர் மோட்டார் பக்கமே கொண்டு போகாதீங்க, அது தண்ணி மாதிரி ஓடி ஷாஃப்ட்டுக்குள்ள போயி பேரிங்கை ஒட்டிடும். சிலிண்டருக்கு எம்-சீல் தான் என் சாய்ஸ்: ரெண்டையும் பிசைஞ்சு சின்ன மெத்தை மாதிரி வச்சு மோட்டார் உடம்பைப் பாதி வரைக்கும் அதுல அமுக்கி விட்டுடுங்க, எடை இருக்கிற முனை மட்டும் வெளிய சுதந்திரமா இருக்கணும். எடை மேல துணியோ வயரோ முடியோ மாட்டாம இருக்க ஒரு ஸ்கெட்ச் பேனா மூடியைக் கவுத்து ஒட்டினா பக்காவான கவர்.

அதிர்ற திசையையும் பாருங்க. காயின் மோட்டார் தட்டையான பக்கத்துக்கு இணையா ஆடும், அதாவது தோல்ல ஒட்டினா தோலைத் தேய்க்கும், குத்தாது. சிலிண்டர், ஷாஃப்ட்டுக்குக் குறுக்கா எல்லாப் பக்கமும் ஆடும், அதனால படுக்க வச்சா தோலுக்குள்ள தட்டுற உணர்வும் சேர்ந்து வரும். காயின் வடிவ எல்ஆர்ஏ பெரும்பாலும் தட்டைக்கு நேர்குத்தா தட்டும்.

ஒரு முழு ப்ராஜெக்ட்: தூரம் சொல்ற பேண்ட்

முன்னாடி எதாவது வந்தா மணிக்கட்டுல தட்டுற பேண்ட். ஹெச்சி-எஸ்ஆர்04 அல்ட்ராசோனிக் சென்சார் ஒண்ணு, ஆர்டுயினோ நானோ ஒண்ணு, மேல சொன்ன டிரான்சிஸ்டர் சர்க்யூட், கழட்டின மோட்டார். சென்சாரோட டிரிக்கர்ல 10 மைக்ரோசெகண்ட் பல்ஸ் கொடுங்க, எக்கோ பின் எவ்வளவு நேரம் ஹைல இருக்குன்னு மைக்ரோசெகண்ட்ல அளந்து 58ஆல வகுத்தா சென்டிமீட்டர் வந்துடும். 2லிருந்து 400 சென்டிமீட்டர் வரைக்கும்னு போட்டிருப்பாங்க, நம்பி எடுக்கக்கூடியது 2 மீட்டர் வரைக்கும்னு வச்சுக்கோங்க.

புரோகிராம்ல 150 சென்டிமீட்டருக்கு மேலன்னா அமைதி. 150லிருந்து 100க்குள்ள வந்தா செகண்டுக்கு ஒரு தட்டு, 100லிருந்து 50க்குள்ள அரை செகண்டுக்கு ஒண்ணு, 50க்குக் கீழன்னா செகண்டுக்கு நாலு. ஒவ்வொரு தட்டும் 100 மில்லிசெகண்ட், முழு பவர். பலத்தை மாத்தாதீங்க, இடைவெளியை மட்டும் மாத்துங்க. தொடர்ச்சியா அதிர விடவும் வேண்டாம், கொஞ்ச நேரத்துல தோல் பழகிடும், அப்புறம் அது இருக்கிறதே தெரியாது.

முக்கியமான விஷயம், அளவு எடுக்கிறது எப்பவும் மோட்டார் நின்ன நேரத்துல நடக்கணும். மோட்டார் ஓடும்போது பிரஷ் நாய்ஸ் சப்ளைல வரும், சென்சாரும் சேர்ந்து ஆடும், 80 சென்டிமீட்டர்னு இருக்கிறது திடீர்னு 3ன்னு காட்டும், பேண்ட் பைத்தியம் புடிச்ச மாதிரி தட்டும். மோட்டாரை ஆஃப் பண்ணு, 50 மில்லிசெகண்ட் பொறு, மூணு தடவை அள, நடுவுல இருக்கிற மதிப்பை எடு, அப்புறம் தட்டு. இந்த வரிசையை மாத்தாம எழுதினா பாதி பிரச்சனை வராது.

இதைக் கண் தெரியாதவங்களுக்கு வெள்ளைக் கோலுக்கு பதிலா கொடுக்கலாம்னு நிறைய காலேஜ் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல எழுதுறாங்க. தயவுசெஞ்சு அப்படி சொல்லாதீங்க. இந்த சென்சாருக்குப் பள்ளம் தெரியாது, படி இறங்குறது தெரியாது, சாய்வா இருக்கிற சுவர்ல பட்ட சத்தம் வேற பக்கம் தெறிச்சுப் போயிடும், திரைச்சீலை மாதிரி துணி பாதி சத்தத்தை முழுங்கிடும். கோலோட சேர்த்து, நெஞ்சு உயரத்துல இருக்கிறதைச் சொல்ற எக்ஸ்ட்ரா உதவின்னு சொன்னா நியாயம்.

வேற எதுக்கெல்லாம் மாத்தலாம்

பிள்ளைங்க இருக்கிற வீடுன்னா டூத்பிரஷ் தலையை வெட்டி, நார் எல்லாம் ஒரு பக்கமா லேசா சாய்ஞ்சிருக்கிற பிரஷா பாத்து, மேல காயின் மோட்டாரும் பட்டன் செல்லும் ஒட்டுங்க, அது பாட்டுக்கு பூச்சி மாதிரி மேஜையில ஓடும். 2032 செல் இவ்ளோ கரண்ட் கொடுக்க செஞ்சது இல்ல, வோல்டேஜ் சடார்னு இறங்கும், ஆனா பத்து கிராம் கூட இல்லாத பூச்சியை ஓட்ட அது போதும். பட்டன் செல் விஷயத்துல ஜாக்கிரதை, சின்ன குழந்தை முழுங்கினா உயிருக்கே ஆபத்து, வேலை முடிஞ்சதும் எடுத்து பூட்டி வைங்க.

சிலிண்டர் மோட்டார்ல எடையைக் கழட்டிட்டா அது வெறும் குட்டி மோட்டார். எடை ஷாஃப்ட்ல நசுக்கி மாட்டியிருக்கும், கட்டிங் பிளேயர்ல எடையோட மெல்லிசு பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமா கடிச்சு லூஸ் பண்ணி நேரா இழுக்கணும், பக்கவாட்டுல திருகினா ஷாஃப்ட் வளைஞ்சிடும். மார்க் டில்டன் ஆரம்பிச்சு வச்ச, சிம்பிள் சர்க்யூட்லயே ரோபோ பண்ற பீம் ரோபோக்காரங்க இந்த மோட்டார் ரெண்டைச் சாய்வா வச்சு, ஷாஃப்ட்ல ஹீட் ஷ்ரிங்க் (சூடு பட்டா சுருங்குற டியூப்) ஒரு துண்டு மாட்டி, அந்த ஷாஃப்ட்டையே சக்கரமா தரையில உருள விட்டு, சோலார்ல ஓடுற குட்டி ரோபோ பண்ணுவாங்க.

தலைகீழாவும் பண்ணலாம். பொம்மை மோட்டார் இருக்கு, வைப்ரேட்டர் இல்லையா? எலக்ட்ரிகல் கடையில விக்கிற கனெக்டர் ஸ்ட்ரிப்பை வெட்டினா உள்ள பித்தளைக் குழாய் ஸ்க்ரூவோட வரும், அதை மோட்டார் ஷாஃப்ட்ல மாட்டி ஸ்க்ரூவை இறுக்குங்க. ஸ்க்ரூ ஒரு பக்கம் துருத்திக்கிட்டு இருக்கிறதே போதும், நல்லா ஆட்டும்.

எல்ஆர்ஏ கிடைச்சா

தூக்கிப் போடாதீங்க, ஆனா அதுக்கு ஏசி வேணும், அதுவும் அதோட சொந்த ஃப்ரீக்வென்சில வேணும். காயின் வடிவ எல்ஆர்ஏ நிறைய 175 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும், மாடலுக்கு மாடல் மாறும், சில ஹெர்ட்ஸ் தள்ளிப் போனாலே பலம் டப்புனு விழுந்துடும். சுலபமான வழி டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸோட டிஆர்வி2605எல் சிப் வச்ச சின்ன போர்டு. ஐ2சிங்கிற முறையில ஆர்டுயினோவோட பேச ரெண்டே வயர், அந்த ஃப்ரீக்வென்சியைத் தானே தேடிப் புடிச்சிக்கும், உள்ளயே 123 விதமான எஃபெக்ட் ரெடியா இருக்கு, நம்பரைச் சொன்னா தட்டும். அடாஃப்ரூட் கம்பெனி கொடுக்கிற ஆர்டுயினோ லைப்ரரில எல்ஆர்ஏ மோடுக்கு மாத்தி, சிப்புக்குள்ள இருக்கிற எஃபெக்ட் லைப்ரரில 6ஆவதைத் தேர்ந்தெடுக்கணும், அதை விட்டுட்டா சுத்துற மோட்டாருக்கான செட்டிங்ல ஓடி மந்தமா இருக்கும்.

சுத்துற மோட்டாருக்கும் இந்த போர்டு நல்லா வேலை செய்யும், கிளம்புறதுக்கு உதை, நிக்கிறதுக்கு பிரேக், ரெண்டையும் அதுவே பாத்துக்கும், தட்டு எல்லாம் கட் அண்ட் ரைட்டா வரும். ஆனா ஒரு மோட்டார் வச்ச ப்ராஜெக்ட்டுக்கு 2222 ஒண்ணு போதும்ங்கிறதுதான் என் கட்சி. இன்னொண்ணு, இந்த சிப்போட அட்ரஸ் மாத்தவே முடியாது, ரெண்டு மோட்டாருக்கு ரெண்டு போர்டு வேணும்னா நடுவுல ஐ2சி மல்டிப்ளெக்சர், அதாவது லைனை மாத்தி மாத்தி விடுற சிப், போடணும்.

ஓடலன்னா எங்க பாக்கணும்

போர்டு அடிக்கடி ரீசெட் ஆகுதா, மோட்டார் கிளம்பும்போது சப்ளை விழுது, 100 மைக்ரோஃபாரடை 470 ஆக்குங்க, இல்ல மோட்டாருக்குத் தனி செல் கொடுங்க. மோட்டார் சில நேரம் ஓடுது சில நேரம் இல்லன்னா வயர் சேர்ற இடத்தை லென்ஸ் வச்சுப் பாருங்க, அங்கதான் முறிஞ்சிருக்கும். எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கா, டிரான்சிஸ்டர் காலை மாத்தி மாட்டியிருக்கீங்க, இல்ல ஏற்கனவே ஷார்ட் ஆகிடுச்சு. டயோடைத் தலைகீழா போட்டிருந்தா மோட்டார் சத்தமே போடாது, டிரான்சிஸ்டர் மட்டும் கொதிக்கும், சில செகண்ட்ல கருகின வாசனை வரும்.

காயின் மோட்டார் சத்தம் கரகரன்னு மாறிடுச்சுன்னா பிரஷ் தேஞ்சாச்சு, அதைப் பிரிச்சு சரி பண்ண முடியாது. நாள் முழுக்க ஓட்டுறதுக்கு அதைச் செய்யவே இல்ல, தட்டித் தட்டி ஓட்டுங்க. பொம்மை மாதிரி தொடர்ந்து ஓடணும்னா கேம் கண்ட்ரோலர் மோட்டாரைப் போடுங்க, உருவம் பெருசு, கரண்டும் ஜாஸ்தி இழுக்கும், 2222 கொஞ்சம் சூடாகும், ஆனா காயின் மோட்டாரை விட ரொம்ப நாள் தாங்கும்.